சைமன் மேயோவின் குரல்

இரவு பாத்திரம் கழுவும் நேரத்தில் சில வருடங்களாக எனக்குத் துணை சைமன் மேயோவின் குரல். இங்கிலாந்துக்காரர், வானொலித் தொகுப்பாளர். 1988-ல் பிபிசி ரேடியோ 1-ன் காலை நிகழ்ச்சிக்கு வந்தார். நேயர்கள் தாங்கள் எப்போதோ செய்த தப்பை எழுதி அனுப்ப, அவர் அதை வாசிப்பார்; மன்னிக்கலாமா வேண்டாமா என்று நிகழ்ச்சியில் பேசுவார்கள். அந்தப் பகுதி அவ்வளவு பிரபலமாகி, அப்புறம் பிபிசி தொலைக்காட்சிக்கும் போனது.

எனக்குப் பிடித்தது, விமர்சகர் மார்க் கெர்மோடுடன் அவர் நடத்தும் சினிமாப் பேச்சுதான். கெர்மோட் ஒரு படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும்போது, மேயோ நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்பார். பேச்சு திரும்ப வழிக்கு வந்துவிடும். நல்ல தொகுப்பாளரின் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

தியேட்டரில் எப்படி இருக்க வேண்டும் என்று நேயர்களோடு சேர்ந்து ஒரு விதிப் பட்டியலே போட்டார்கள். போன் கூடாது, முன் சீட்டை உதைக்கக் கூடாது, பொட்டலத்தைச் சரசரக்கக் கூடாது, செருப்பைக் கழற்றக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்!

பிற்பாடு பிபிசியின் இன்னொரு வானொலியான ரேடியோ 2-லும் இருந்தார்; 2018-ல் அதை விட்டார். 2022-ல் அந்தச் சினிமா நிகழ்ச்சியும் பிபிசியில் முடிந்தது. சில வாரங்களில் இருவரும் சொந்தப் பாட்காஸ்டோடு வந்துவிட்டார்கள். அதே குரல், அதே சண்டை. நேற்றும் பாத்திரம் முடிந்தபின் சமையலறையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.