புதன்கிழமைக்காக ஞாயிற்றுக்கிழமை சமைப்பது: கோழிப் பாஸ்தா சலட், ஆறு வாரக் குறிப்பு

காலை 7 மணிக்கு திருகோணமலை உப்புவெளியிலிருந்து புறப்பட்டு, மகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தால், மதியம் 12.30 வரை எழும்ப நேரமிராது. அந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்காக விடியற்காலை 4.30க்கு எழுந்து சோறும் இரண்டு கறியும் சமைப்பதைப் பல வருடங்களாகச் செய்து வந்தேன். முடியாத நாட்களில் கடைச் சோற்றுப் பார்சல்தான். ஞாயிறு மாலை ஒரே தடவை சமைத்து வார நாட்களில் எடுத்துப் போகக்கூடிய ஒன்று வேண்டும் என்பதற்காகவே கோழிப் பாஸ்தா சலட்டைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால், இறைச்சி உணவு திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்களுக்குப் போதும். சமைத்த கோழியை 4 பாகை செல்சியசுக்கு மேற்படாத குளிரில் மூன்று அல்லது நான்கு நாட்கள் வைத்திருக்கலாம் என்பது உணவுப் பாதுகாப்பின் பொது விதி. அந்தக் கணக்கும் வீட்டு வழக்கமும் பொருந்தி வந்ததே எனக்குத் துணிவைத் தந்தது.

முதல் ஞாயிறு இரவு எல்லாம் நன்றாகவே இருந்தது. பொதியில் குறித்திருந்த நேரத்துக்குச் சரியாகப் பாஸ்தாவை அவித்து, மயோனைசும் தேசிக்காய்ப் புளியும் மிளகுத்தூளும் சேர்த்துக் கலந்து, ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மிகுதியை நான்கு பெட்டிகளில் இட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் மூடியைத் திறந்தபோது, சலட் பெட்டியின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக நின்றது. பாஸ்தா உள்ளே இறுகியிருந்தது. மயோனைஸ் முழுவதையும் அது உறிஞ்சிவிட்டதால் வாயில் மாப்பிடிப்பு மட்டுமே எஞ்சியது. அவியும்போது நீரை உறிஞ்சிப் பொங்கிய மாச்சத்து, குளிரில் மறுபடியும் நெருங்கி இறுகுகிறது; குளிர்சாதனப்பெட்டியில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப் போவதும் இதனால்தான். அன்று மாலை என் கொப்பியில், "இதை ஞாயிறு இரவின் சுவைக்காகச் சமைக்கக்கூடாது, புதன் மதியத்தின் சுவைக்காகச் சமைக்க வேண்டும்" என்று எழுதி வைத்தேன். அதற்குப் பின் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வந்தவையே.

பாஸ்தாவிலிருந்து தொடங்கினேன். சுடச்சுடச் சாப்பிடும் பாஸ்தாவைப் பல்லில் சற்றுத் தட்டுப்படும் பதத்தில் இறக்குவார்கள். குளிராகச் சாப்பிடுவதற்கு அந்தப் பதம் போதாது. பொதியில் 10 நிமிடம் என்றிருந்தால் நான் இப்போது 12 நிமிடம் அவிக்கிறேன். ஞாயிறு இரவு குழைவாகத் தோன்றுவது, செவ்வாய்க்கிழமைக்குள் சரியான பதத்துக்கு வந்துவிடுகிறது. 100 கிராமுக்கு 1 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 10 கிராம் உப்பு என்ற அளவைக் குறைப்பதில்லை. குளிர்ந்த உணவில் உப்பின் சுவை நாக்குக்கு மங்கலாகவே தெரியும் என்பதால், உள்ளே உப்பு ஏறாத பாஸ்தாவை மேலே தூவும் உப்பு காப்பாற்றாது. வடித்தவுடன் குளிர்ந்த நீரில் அலசுகிறேன். சூடான பாஸ்தாவை அலசினால் குழம்பு ஒட்டாது என்பது உண்மை. ஆனால் இங்கே மேற்பரப்பில் படிந்த மாவே கட்டியாவதற்குக் காரணமாக இருப்பதால் அது போய்விடுவதே நல்லது. அலசிய பின் வடிதட்டில் கால் மணி நேரம் நீர் வடிய விட வேண்டும். இதில் அவசரப்பட்ட வாரம், பெட்டியின் அடியில் வெள்ளை நீர் தேங்கியது.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குக் கோதுமை என்றதும் சீனன்குடாக் கரையில் உயர்ந்து நிற்கும் பிறீமா ஆலைதான் கண்ணுக்குள் வரும். பாணுக்கும் ரொட்டிக்கும் ஏற்ற கோதுமை வேறு, பாஸ்தாவுக்கு ஏற்ற டியூரம் கோதுமை வேறு என்பதை நான் இந்த முயற்சியில் இறங்கிய பின்பே அறிந்தேன். டியூரம் மிகவும் கடினமான மணி. அதை ரவையாக உடைத்துச் செய்த பாஸ்தா, இரண்டு நிமிடம் கூடுதலாக அவிந்தாலும் உருக்குலையாது. சாதாரண கோதுமை மாவில் செய்த மலிவான மக்கரோனியை அதே நேரம் அவித்துப் பார்த்தேன், அது களியாகிவிட்டது. பொதியின் பின்புறத்தைப் படித்து, டியூரம் என்று இருந்தால் மட்டுமே வாங்குகிறேன். வடிவத்தில் திருகுப் பாஸ்தாவே எனக்குப் பிடித்தது. மயோனைசோடு நான் பின்னர் சேர்க்கத் தொடங்கிய தயிர்க் கலவை அதன் சுருள்களுக்குள் தங்கிக்கொள்ளும்.

இரண்டாம் ஞாயிறு, ஒட்டாதிருப்பதற்காக இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைப் பாஸ்தாவில் பிசிறினேன். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே உறையத் தொடங்கும் என்பதை நான் மறந்திருக்கக்கூடாது. மழைக்காலக் காலைகளில் எங்கள் போத்தலிலேயே அது வெண்மையாகத் திரண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை சலட் முழுவதிலும் மெழுகுத் துணுக்குகள் போல வெள்ளை மணிகள் கிடந்தன. நல்லெண்ணெய் உறையாது என்றாலும் அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும். இப்போது ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் போதுமாக இருக்கிறது.

கோழியைச் சரிப்படுத்தவே அதிக நாள் சென்றது. முதல் இரண்டு வாரமும் நெஞ்சிறைச்சியைத் தளதளவென்று கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் அவித்தேன். அது நாராகக் காய்ந்து, குளிரில் இன்னும் விறைத்தது. நெஞ்சிறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், கடும் கொதிப்பில் தசை சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிட்டால் ஈடுசெய்ய எதுவும் இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து முறையை மாற்றினேன். உப்பு, நசித்த உள்ளி நான்கு பல், மிளகு, ஒரு துண்டு ரம்பை ஆகியவற்றுடன் இறைச்சியைக் குளிர்ந்த நீரிலேயே இட்டு, மெல்லிய நெருப்பில் சூடேற்றி, சட்டியின் ஓரத்தில் சிறு குமிழிகள் எழும்பத் தொடங்கியதும் நெருப்பை மிகவும் தணித்து மூடிவிடுகிறேன். நேரத்தை மட்டும் நம்புவதில்லை. சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி, மிகத் தடித்த இடத்தின் நடுவில் குத்திப் பார்த்து, 74 பாகை காட்டியதும் எடுக்கிறேன். துண்டின் தடிப்பைப் பொறுத்து இது 12 முதல் 18 நிமிடத்துக்குள் முடிகிறது. பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே சிறு துண்டுகளாக வெட்டி, அவித்த நீரில் மூன்று மேசைக்கரண்டி தெளித்துப் பிசிறுகிறேன். புதன்கிழமை இறைச்சி ஈரமாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தெளிப்பே என்று நான் உறுதியாக நம்புகிறேன். பச்சைக் கோழியைக் குழாயின் கீழ் கழுவும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். தெறிக்கும் நீர் கிருமிகளைத் தொட்டி முழுவதும் பரப்புகிறது, அவற்றைக் கொல்வது வெப்பம்தான்.

அதே மூன்றாம் வாரம், இனிப்பும் புளிப்பும் கூடட்டும் என்று புதிய அன்னாசித் துண்டுகளைச் சேர்த்தேன். ஞாயிறு இரவு அதைவிடச் சுவையான சலட்டை நான் செய்ததில்லை. செவ்வாய்க்கிழமை தயிர் கசந்தது. கோழி விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதியம் புரதத்தைச் சிதைக்கும். கோழியையும் தயிரையும் அது இரண்டு நாட்களாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. சூட்டில் அந்த நொதியம் செயலிழந்துவிடும் என்பதால், அன்னாசி வேண்டுமானால் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்க்கலாம். தகரத்தில் அடைத்த அன்னாசியும் ஏற்கெனவே சூடாக்கப்பட்டதே. நான் இரண்டையும் செய்யாமல் ஒரு தேக்கரண்டி சீனியோடு நிறுத்திக்கொண்டேன்.

கலவைக்கு மயோனைஸ் மட்டும் போட்டால் நாக்கில் பசைபோல நிற்கிறது. கிண்ணியாப் பக்கமிருந்து மண்சட்டியில் வரும் எருமைத் தயிர் எங்களுக்கு இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது நியாயமல்ல. 500 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு கிண்ணத்தின் மேல் தொங்கவிட்டு, குளிர்சாதனப்பெட்டிக்குள்ளேயே நான்கு மணி நேரம் வைத்தால், கரண்டியில் நிற்கும் கட்டித் தயிர் கிடைக்கும். வெளியில் தொங்கவிட்டால் எங்கள் வெக்கையில் புளித்துவிடும். அதில் பாதியளவு மயோனைஸ், ஒரு தேசிக்காயின் சாறு, ஒரு தேக்கரண்டி அரைத்த கடுகு, மிளகுத்தூள், சீனி சேர்க்கிறேன். மூன்றில் இரண்டு பங்கை ஞாயிறே கலந்து, மிகுதியை நான்கு சிறு போத்தல்களில் பிரித்து வைத்து, சாப்பிடும் நேரத்தில் ஊற்றிக் கிளறுகிறேன். பாஸ்தா உறிஞ்சிய ஈரத்தை இது மீட்டுத் தருகிறது.

மரக்கறிகளில் கரட், அவித்த சோளம், கறிமிளகாய் மூன்றும் நான்கு நாள் தாங்கும். வெங்காயத்தைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவிட்டுச் சேர்த்தால் காரம் அடங்கும். தக்காளியும் வெள்ளரிக்காயும் உப்புப் பட்டதும் நீர் விடும் என்பதால் அவற்றை அன்றன்று காலையில் வெட்டிக் கொண்டுபோகிறேன்.

இவ்வளவும் சரியாக அமைந்த பின்னரே அம்மாவின் கேள்வி எனக்கு முழுமையாக உறைத்தது. "ஆறின கோழியை இந்த வெயிலுக்குள்ள மத்தியானம் மட்டும் வச்சிருந்து சாப்பிடுறியோ பிள்ளை? வயித்துக்கு என்னத்துக்கு ஆகும்?" என்று அவர் கேட்டது வெறும் பழைமைப் பயம் அல்ல. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, வெளி வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் அந்த 32ஐ முற்பகலிலேயே தாண்டிவிடும். மயோனைஸ்தான் கெட்டுப்போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். கடை மயோனைசில் வினாகிரியின் புளிப்பு இருப்பதால் அது ஓரளவு தாக்குப் பிடிக்கும், கோழியும் பாஸ்தாவுமே முதலில் கெடும்.

எனவே நான்காம் வாரம் முழுவதும் வெப்பமானியோடு சோதித்தேன். ஒரு பெட்டியில் தண்ணீரில் நனைத்த பாஸ்தாவை மட்டும் இட்டு, ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழே வைத்துக் கொண்டுபோனபோது, இயந்திரச் சூட்டால் அலுவலகம் சேர்வதற்குள்ளேயே 26 பாகையாகிவிட்டது. வெப்பம் தடுக்கும் பையில், இரவு முழுவதும் உறைய வைத்த 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பெட்டியின் மேலும் இன்னொன்றை அடியிலும் வைத்து, பையை முன் கொக்கியில் மாட்டிக் கொண்டுபோன நாளில், 12.30க்கு 5 பாகைக்குக் கீழேயே நின்றது. ஒரு போத்தல் மட்டும் வைத்த நாளில் 11 பாகை, அது போதாது. அம்மாவிடம் அந்த எண்ணைக் காட்டினேன். அவர் வெப்பமானியைக் கையில் வாங்கி, குளிர்சாதனப்பெட்டியின் ஒவ்வொரு தட்டிலும் வைத்துப் பார்த்து, கதவோரத் தட்டு 9 பாகை என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பெட்டிகள் கீழ்த்தட்டின் உட்பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஆறாம் ஞாயிறு 250 கிராம் பாஸ்தா, 400 கிராம் கோழி. திங்கள் சிறிது குழைவு, செவ்வாய் மிக நன்று, புதன் செவ்வாய்க்குச் சமம். வியாழக்கிழமை கெடவில்லை, மணமும் மாறவில்லை. ஆனால் கறிமிளகாயின் மொறுமொறுப்புப் போய்விட்டது, கோழியிலும் சாறு குறைந்திருந்தது. அதனால் அளவை மூன்று பெட்டிகளுக்குக் குறைத்துவிட்டேன். வியாழன் காலை 4.30க்கு எழுந்து சோறு சமைக்கிறேன். அம்மாவுக்கும் அன்று மதியத்துக்குச் சூடான மீன்குழம்பு கிடைக்கிறது.