வெக்கையும் சக்கர நாற்காலியும்

லஃப்பரோ இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சின்ன ஊர். கிளிநொச்சியிலிருந்து வந்து இங்கே குடியேறியபோது, "அங்க பல்கலைக்கழகத்தைத் தவிர வேற என்ன கிடக்கு?" என்று லெஸ்டரில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டார்கள். எனக்கு வேலை கிடைத்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். பின்னேரங்களில் விளையாட்டு அறிவியல் கட்டடத்தைத் துப்புரவாக்கும் வேலை.

வளாகத்துக்குள் ஊர்ச்சனம் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்து முதல் மாதங்களில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரும் மறிப்பதில்லை. என் மகள் நீந்தப் பழகியதும் அங்கேதான். பிரித்தானிய நீச்சல் வீரர்கள் பயிற்சி எடுப்பதும் அதே 50 மீட்டர் தடாகத்தில். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னர் பிரித்தானிய அணி தயாரானது இந்த வளாகத்தில். இங்கிலாந்துக் கிரிக்கெட் சபையின் தேசியப் பயிற்சி மையமும் உள்ளேயே இருக்கிறது.

இதெல்லாம் நல்ல மனத்தால் மட்டும் நடப்பதில்லை என்பது பிறகுதான் விளங்கியது. இங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளை எடைபோட்டுத்தான் அரசு பணம் ஒதுக்குகிறது. அந்த ஆய்வால் வெளியே மக்கள் வாழ்வில் என்ன மாறியது என்ற கேள்வியை 2014 மதிப்பீட்டில்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள். அதற்கு 20 வீதப் புள்ளி. 2021 இல் அது 25 வீதமானது. என்னைக் கேட்டால் இன்னும் கூட்டலாம்.

என் மனதைப் பிடித்தது ஒரு அறை. உள்ளே வெக்கையை வேண்டிய அளவுக்கு ஏற்றலாம். சக்கர நாற்காலி வீரர்கள் உருளைகளின் மேல் நாற்காலியை நிறுத்திக் கையால் சில்லைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் அவர்களின் உடம்புச் சூட்டைக் குறித்துக்கொள்வார். ஒருநாள் ஆய்வாளர் ஒருவரே நின்று எனக்கு விளங்கப்படுத்தினார். முள்ளந்தண்டு வடத்தில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. வியர்க்காவிட்டால் சூடு வெளியே போக வழியில்லை. அதனால் முகத்துக்கும் கைக்கும் தண்ணீர் தெளிப்பது, பனிக்கட்டி வைத்த மேலங்கி போடுவது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். 2021 இல் டோக்கியோ பராலிம்பிக்கில் சக்கர நாற்காலி றக்பித் தங்கத்தை வென்ற பிரித்தானிய அணியோடு இங்குள்ள ஆய்வாளர்கள் நெருங்கி வேலை செய்தவர்கள்.

எனக்கு உடனே மச்சானின் நினைவு வந்தது. 2009 மாசியில் புதுக்குடியிருப்பில் அவனுக்குச் செல் பீஸ், அதாவது எறிகணைச் சிதறல், முள்ளந்தண்டில் பட்டது. இப்போது கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் இருக்கிறான். சித்திரை வெய்யிலில் மத்தியானமானால் தலை சுற்றும், உடம்பு கொதிக்கும். தொற்று ஒன்றும் இல்லையென்று வைத்தியர் சொன்ன பிறகும் வீட்டில் காய்ச்சலென்று பனடோல் கொடுப்பார்கள்.

போன வருடம் ஊருக்குப் போனபோது, பூக்கன்றுக்குத் தண்ணீர் தெளிக்கிற கைப்போத்தல் ஒன்றைக் கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிப் போனேன். முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் தெளித்து, மின்விசிறிக்கு முன்னால் அவனை இருத்தினேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து இருந்தான்.

"இவ்வளவுதானோ மச்சான்? இதை ஆரும் வந்து எங்களுக்குச் சொல்லேல்லையே."

அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் நிற்கிறது. பதக்கத்துக்காகக் கண்டுபிடித்தது பதக்கத்தோடு நிற்கக்கூடாது. வன்னியில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆண்டு முழுக்க வெக்கைக்குள் வாழ்கிறார்கள். இந்த அறிவு முதலில் சேரவேண்டியது அவர்களிடம்.

வட்டக்கச்சியிலிருந்து அறிவியல்நகர் தூரமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 இல் அங்கே தொடங்கியது. விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, எங்கள் சனத்தைப் போலவே திரும்பி வந்தது. 2021 இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமானது. அரசோடும் இந்தப் பீடங்களுக்கு வேலை இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த காலத்தில் மேடைப் பேச்சுத்தான் கூடக் கேட்டது. குளத்தில் எவ்வளவு வரும், சிறுபோகத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கை அரசுக்கும் கமக்காரருக்கும் ஒரே மேசையில் வைத்துச் சொல்ல, பக்கத்திலேயே இருக்கும் பீடத்தைவிடப் பொருத்தமானவர் யார்?

மச்சானுக்கு இப்போது வேறொரு கரைச்சல். நாற்காலியின் சின்ன முன் சில்லுகள் கிறவல் றோட்டில் புதைகின்றன. சந்திக்குப் போகவும் ஆள் தள்ளவேண்டும். பொறியியல் பீடத்து மாணவர் யாராவது இதை இறுதியாண்டுச் செயற்திட்டமாக எடுப்பார்களா என்று கேட்டு அவனே பீடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். சில்லு அகலமாக இருக்கவேண்டும், பாரம் கூடக்கூடாது, உடைந்தால் வட்டக்கச்சிச் சைக்கிள் கடையிலேயே திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்று தன் தேவைகளையும் தெளிவாக எழுதியிருக்கிறான். பதில் வந்தால், அடுத்தமுறை நான் ஊருக்குப் போகும்போது இருவருமாக அறிவியல்நகருக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.