ஓவியத்தின் படம் கிடைத்துவிட்டது, அப்புறம்?

ஓவிய வரலாறு படிக்க வருபவர்கள் முதலில் கேட்பது, நல்ல தரத்தில் படம் எங்கே கிடைக்கும் என்பதுதான். இன்றைக்குப் படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012-லேயே ரைக்ஸ்ஸ்டூடியோ என்று ஒரு தளம் தொடங்கி உயர்தரப் படங்களை இலவசமாகத் தர ஆரம்பித்துவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017-ல், தன்னிடம் உள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. சரி, படம் கைக்கு வந்தாயிற்று. என்னைக் கேட்டால் வேலையே அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

வான்கோவின் 'படுக்கையறை'யை எடுத்துக்கொள்ளுங்கள். தேடுபொறியில் போட்டால் நீலச் சுவர்களோடு வரிசையாகப் படங்கள் வந்து நிற்கும், அந்த நீலம் தரும் அமைதியைப் பற்றி நாமும் ஒரு பத்தி எழுதிவிடலாம். ஆனால் வான்கோவின் கடிதங்களுக்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது. அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 902 கடிதங்கள், மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்புகள் எல்லாம் இலவசம். அதில் 1888 அக்டோபரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தைத் திறந்தால், சுவர் வெளிர் ஊதா என்று அவரே எழுதியிருக்கிறார், கூடவே அறையின் சின்னக் கோட்டோவியமும் இருக்கிறது. அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிப்போனதால் ஊதா நீலமாகிவிட்டது என்பதை ஓவியத்தைச் சோதித்தவர்கள் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். அந்த நீலத்தை வைத்து எழுதிய பத்தி என்ன ஆகும்?

இதோடு முடியவில்லை. இந்த ஓவியத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் இருப்பது முதலாவது, மற்ற இரண்டும், சிகாகோவில் இருப்பதும் பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருப்பதும், 1889-ல் வரைந்தவை. திரையில் மூன்றும் ஒரே அளவாகத் தெரியும். ஒவ்வொரு அருங்காட்சியகமும் படத்தின் கீழே தரும் விவரப் பக்கத்தைப் படித்தால்தான், பாரிஸ் வடிவம் 57.5 x 74 செ.மீ. மட்டுமே, மற்ற இரண்டைவிடத் தெளிவாகச் சிறியது என்று தெரியவரும். அதனால்தான் எந்தப் படமாக இருந்தாலும் அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பக்கத்துக்கே போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அளவு, ஊடகம் (எந்த வண்ணத்தால் எதன்மேல் வரைந்தது), சேர்க்கை எண் (அருங்காட்சியகம் ஒவ்வொரு படைப்புக்கும் தரும் அடையாள எண்), யார் யார் கை மாறி வந்தது என்கிற வரலாறு, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கை மாறிய வரலாற்றைத் தோண்டுவதற்கு, அமெரிக்காவின் கெட்டி (Getty) என்ற கலை நிறுவனத்தின் புரொவனன்ஸ் இண்டெக்ஸ் பெரிய புதையல். பழைய ஏலப் பட்டியல்கள், வீட்டுச் சொத்துக் கணக்குகள், ஓவிய வணிகர்களின் பேரேடுகள் என்று எல்லாவற்றையும் தேடத்தக்க தரவாக்கி வைத்திருக்கிறார்கள். ஏலப் பட்டியலை முழுதாகப் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தின் தளம். தேடும்போது பெயர்தான் பெரிய தொல்லை: டிஷன் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் ஓவியர் இத்தாலிய ஆவணத்தில் டிசியானோ, பிரெஞ்சில் டிசியன். கெட்டியின் யூலான் என்ற கலைஞர் பெயர்த் தொகுப்பில் இந்த வடிவங்களை எல்லாம் ஒரே பதிவில் சேர்த்திருக்கிறார்கள், முதலில் அங்கே போய்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு பிறகு தேடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 'குளோசர் டு வான் ஐக்' தளம். பெல்ஜியத்தின் கென்ட் நகரத் தேவாலயத்துக்காக வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-ல் முடிந்த பலிபீட ஓவியத்தைச் சாதாரண ஒளி, அகச்சிவப்பு, எக்ஸ்ரே என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்ணத்தில் விழுந்த வெடிப்பு தெரியும்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். நடுவில் நிற்கும் ஆட்டுக்குட்டியின் முகத்தைப் பாருங்கள். நூற்றாண்டுகளாக எல்லோரும் பார்த்தது 16-ஆம் நூற்றாண்டில் மேலே பூசிய முகம். அண்மைச் சீரமைப்பில் அதை நீக்கியபோதுதான் நேராக நம்மைப் பார்க்கும் பழைய முகம் வெளியே வந்தது. முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

சேமித்து வைக்க இரண்டு மென்பொருள்கள் போதும், இரண்டும் இலவசம். நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் ஸோடெரோ. ஆவணக் காப்பகத்தில் போனில் எடுத்துக் குவித்த படங்களுக்கு ட்ராப்பி, ஒரே ஆவணத்தின் பல பக்கங்களை ஒரே பதிவாகச் சேர்த்து அதன் மேலேயே குறிப்பு எழுதலாம். படத்தைத் தரவிறக்கும் அந்த நிமிடமே சேர்க்கை எண்ணையும் பக்க முகவரியையும் உரிமக் குறிப்பையும் அதில் ஏற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் தேடுவதற்கு இரட்டை வேலை. இணையத்தில் ஏறாத கோப்புகளும் நிறைய உண்டு, அவற்றுக்கு அந்தந்த அருங்காட்சியக நூலகத்துக்குச் சேர்க்கை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.