இது வண்டியா, இரும்பா?

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘பழைய இரும்பு ஒரு லாட்’ என்று இருந்தால் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். மழை பிடிக்கப் போகிறது, லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார், கூலியாட்கள் நிற்கிறார்கள். எழுதித் தந்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த நாலு வார்த்தைக்குப் பதினொரு மாதம் அலைந்தேன்.

வண்டி கிடந்தது வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயன் வீட்டுக்குப் பின்னால். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நேச நாட்டுப் படைகள் இங்கே விட்டுப்போன வண்டிகளை அரசு ஏலம் விட்டதே, அந்த ‘டிஸ்போசல்’ ஜீப்புகளில் ஒன்று. எஸ்டேட் பல வருடம் ஓட்டிவிட்டுத் தன் பிட்டருக்கே விற்றிருக்கிறது. அவர் விறகும் கொழுந்து மூட்டையும் ஏற்றி ஓட்டி, ஒருநாள் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணவும் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். அவர் காலமாகிப் பல வருடம். கொட்டகையும் சரிந்துவிட்டது. எனக்குத் தகவல் சொன்ன டயர் கடைக்காரர், “கோழி அடை படுக்கிற ஜீப் ஒண்ணு இருக்குதுங்க” என்றார். போய்ப் பார்த்தால் டிரைவர் சீட் இருந்த இடத்தில் நிஜமாகவே ஒரு கோழி.

நம்மூரில் பழைய ஜீப் எல்லாமே ‘வில்லீஸ்’தான். பிட்டரின் மூத்த மகனும் அப்படித்தான் சொன்னார். ஆனால் போர்க்காலத்தில் அதே ஜீப்பை வில்லீஸ் சுமார் 3.6 லட்சமும், ஃபோர்டு கம்பெனி சுமார் 2.8 லட்சமும் செய்திருக்கின்றன. முன் கிரில்லில் ஒன்பது கீற்று இருந்தால் போர்க்கால வண்டி, ஏழு இருந்தால் பின்னால் வந்த சிவிலியன் மாடல் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் இதில் கிரில்லே இல்லை. எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். வில்லீஸில் அது உருண்டைக் குழாய். இதில் கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரி இருந்தது. அப்படியென்றால் ஃபோர்டு. ஒரு போல்ட்டின் தலையை டீசல் துணியால் துடைத்துக் கம்பி பிரஷ் போட்டேன். துருவுக்குள்ளிருந்து சின்னதாக ஓர் ‘எஃப்’ எழுத்து எழுந்து வந்தது. தன் பாகங்களில் இப்படி முத்திரை குத்துவது ஃபோர்டின் பழக்கம். அந்த எழுத்தைப் பார்த்ததும் பேரம் பேசுகிற புத்தி போய்விட்டது. தொண்ணூறாயிரம் கேட்டார், கொடுத்தேன்.

எடுக்கப் போன முதல் பயணம் மொத்தமும் வீண். ஆடி மாதத்தில் வால்பாறையில் மண் தோண்டலாம் என்று கிளம்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் இறங்கினால் அச்சு வரைக்கும் சேறு. செயின் புளாக் கொண்டு போயிருந்தோம், மாட்டித் தூக்க ஒரு மரக்கிளைகூட இல்லை. சரி, இழுத்துப் பார்ப்போம் என்று முன் பம்பரில் சங்கிலியைக் கட்டி லாரியை நகர்த்தினோம். பம்பர் மட்டும் தனியாகக் கழன்று வந்து சேற்றில் விழுந்தது. ஜீப் அசையவில்லை. பம்பரில் கட்டாதீர்கள், அச்சில் கட்டுங்கள். காலெல்லாம் அட்டை. லயன் பாட்டி ஒருவர் உப்பும் மூக்குப்பொடியும் சேர்த்துத் துணியில் முடிந்து கொடுத்து, “இந்த மழையில யாருப்பா வருவா?” என்று சிரித்தார். லாரி வாடகையும் ஆள் கூலியும் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்தது ஐப்பசியில், மழை விட்ட ஒரு வாரத்தில். இந்தத் தடவை மூன்று இரும்புக் குழாய் கொண்டுபோய் முக்காலி நட்டு, செயின் புளாக்கை அதில் தொங்கவிட்டோம். பின் சக்கரம் இரண்டும் சுழலவில்லை. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது. டிரம்மைச் சுற்றித் தட்டித் தட்டி ஒன்றைத்தான் விடுவிக்க முடிந்தது, மற்றதைப் பலகை மேல் வழுக்கவிட்டு ஏற்றினோம். தரைத் தகடு பாதி அங்கேயே உதிர்ந்தது. இந்த ஜீப்பில் தரைக்கு அடியில் ஓடும் தொட்டிச் சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் நம்பாமல் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

இறங்கி வரும்போது அடிவாரச் செக்போஸ்ட்டில் லாரியை மடக்கினார்கள்.

“என்னங்க லோடு?”

“ஜீப்புங்க.”

“ஆர்சி?”

“ரசீது இருக்குதுங்க.”

டார்ச் அடித்துப் படித்தார். “இதுல இரும்புன்னு போட்டிருக்குது. நீங்க ஜீப்புங்கறீங்க. வண்டியா, இரும்பா? ஏதோ ஒண்ணு சொல்லுங்க.”

உடம்பெல்லாம் சேறு, காலையிலிருந்து சாப்பிடவில்லை. “இரும்புதானுங்க” என்றேன். கம்பைத் தூக்கிவிட்டார்கள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

பட்டறையில் இறக்கிக் கழுவிய பிறகு சேசிஸ் நம்பரைத் தேடினேன். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேல்பக்கம், முன்னால் அடித்திருப்பார்கள். மூன்று கோட் பெயின்ட்டைத் தின்னர் போட்டுக் கரைத்து, கிரைண்டர் வைக்காமல் (வைக்கவே கூடாது, நம்பர் போய்விடும்) உப்புத்தாளால் தேய்த்து, சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்தால் ‘ஜிபிடபிள்யூ’ என்று ஆரம்பித்து நம்பர் வெள்ளையாகத் தெரிந்தது. ஜி என்றால் அரசாங்கம், பி என்றால் 80 அங்குல வீல்பேஸ், டபிள்யூ என்றால் வில்லீஸின் டிசைன். பின் பேனலைச் சுரண்டியதில் பழைய மதராஸ் கால மூன்றெழுத்து ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் கிடைத்தது. இந்த இரண்டும் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து 50 வருடத்துக்கு மேலாகி இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. மலையில் ஓடிய ஜீப்புகளில் பல டீசல் இன்ஜின் ஏற்றியவை, அதனால் இந்த விதிக்குள் வராது. புதிதாகப் பதிவு செய்தால் இருபதாயிரம் கட்டணம், ‘விஏ’ என்று நம்பர் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி என்று ஆவணம் காட்டினால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பழைய நம்பர்மேல் ஆசை.

ரசீதோடு ஆர்டிஓ ஆபீஸ் போனேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், இன்னும் அங்கே வேலை பாக்கி இருக்கிறது. கிளார்க் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இரும்பை எப்படிங்க ரிஜிஸ்டர் பண்றது?” என்று அதைத் திருப்பித் தந்தார். பழைய நம்பரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, “இப்படி ஒரு வண்டியே இல்லீங்க” என்றார். அவ்வளவு பழைய நம்பர் கம்ப்யூட்டரில் இருக்காதே, வண்டிப் பதிவைக் கையால் எழுதி வைத்த பி ரிஜிஸ்டரில்தானே இருக்கும் என்றேன். “அதெல்லாம் கரையான் தின்னு போச்சுங்க. ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆர்சி? வீட்டுல அழகுக்கு வெச்சுக்கோங்க.” மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே கரையான்.

நாலாவது தடவை அவர் லீவு. பதிவறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்பரைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, “சாப்பிட்டுட்டு வாங்க தம்பி” என்றார். திரும்பி வந்தால் மேசை மேல் தலையணை கனத்துக்கு ஒரு ரிஜிஸ்டர். ஓரம்தான் கரையான் அரித்திருந்தது. நடுவில் நீல மசியில் எஸ்டேட் பெயர், அதை அடித்துவிட்டுப் பிட்டர் பெயர், பக்கத்தில் என் சேசிஸ் நம்பர். கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. நகல் கேட்டு மனு எழுதிக் கட்டணம் கட்டி அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

அது கிடைத்ததும் அடுத்த வம்பு. வண்டி இறந்தவர் பெயரில் இருக்கிறது. முதலில் ஃபார்ம் 31 போட்டு வாரிசு பெயருக்கு மாற்றி, அப்புறம் 29, 30 போட்டு என் பெயருக்கு மாற்ற வேண்டும். வாரிசு மூன்று பேர். மூத்தவர் வால்பாறை, இளையவர் திருப்பூர் பனியன் கம்பெனியில், மகள் பாலக்காட்டில். திருப்பூருக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் அவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை. மூன்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனால், பி ரிஜிஸ்டரில் பிட்டருக்கு ஓர் இனிஷியல், வாரிசுச் சான்றிதழில் இரண்டு. “ரெண்டு பேரும் ஒரே ஆள்னு எப்படிங்க நம்பறது?” என்று கிளார்க் கேட்டார். பத்திரத்தில் இருவரும் ஒருவரே என்று எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் நம்பினார். நீங்கள் போகிறபோது இனிஷியலை முதல் நாளே ஒத்துப் பாருங்கள்.

ரசீதையும் மாற்றி எழுதி வாங்கினேன். ‘ஃபோர்டு ஜீப், சேசிஸ் நம்பர் இன்னது, ரிஜிஸ்டர் நம்பர் இன்னது’ என்று மூவரும் சாட்சியோடு கையெழுத்துப் போட்டார்கள். மூத்தவர் சங்கடப்பட்டார். “ஜீப்புன்னு எழுதுனா வரி, கேஸுன்னு எதாச்சும் வருமோன்னு பயந்துட்டேனுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்ஜின் வேலை இதற்கு நடுவே ஓடியது. பிஸ்டன் இறுகியிருந்தது. பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டு நாளுக்கு ஒரு நூல் ஆட்டியதில் விட்டுக்கொடுத்தது. வால்வு எல்லாம் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட்டைக் கழற்றுவது சுலபம். ஒரே ஒரு விபத்து. இந்த ஜீப் 6 வோல்ட். பட்டறைப் பையன் பழக்க தோஷத்தில் 12 வோல்ட் பேட்டரியை மாட்டி இக்னிஷனைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். சூடேறிக் காயில் போய்விட்டது. பேட்டரிப் பெட்டியில் ஆறு என்று சிவப்பு பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

போன மாதம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதால் சிக்னல் விளக்கு இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்று சட்டம், அதைத்தான் முதலில் கேட்டார். மாட்டியிருந்தேன். பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்தார், ரிஜிஸ்டர் நகலோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தார். “கிரில் எங்கே கிடைச்சுதுங்க?” என்றார். கிரில் கிடைத்தது தனிக் கதை. விண்டேஜ் வண்டிதானா என்று முடிவு சொல்லும் கமிட்டியிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது இடது பின் டூல்பாக்ஸின் மூடி ஒன்று, ‘எஃப்’ முத்திரையோடு. யார் வீட்டுக் கொட்டகையிலாவது கிடந்தால் சொல்லுங்கள். ரசீதில் மூடி என்றே எழுதிக்கொள்வோம்.