காட்டன் மேதரும் அவர் நம்பிய சாட்சிகளும்

பெங்களூரு பிரேசர் டவுனில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் வகுப்பில் திருச்சபை வரலாறு பற்றிப் பேசும் பொறுப்பு இந்த ஆண்டு எனக்கு வந்தது. அமெரிக்கக் குடியேற்றக் காலத்தில், இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன் என்ற பிரிவின் போதகராயிருந்த காட்டன் மேதரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "சூனியக்காரிகள் என்று சொல்லி ஜனங்களைத் தூக்கில் போட்ட கூட்டத்துக்காரர் ஆயிற்றே தம்பி, பிள்ளைகளுக்கு அவர் எதற்கு?" என்று சபை மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், பியூரிட்டன் நம்பிக்கை ஒரு மனிதரை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தும் என்று அறிவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் 1663 பிப்ரவரி 12 அன்று பாஸ்டனில் பிறந்தார். தந்தை வழிப் பாட்டனார் ரிச்சர்ட் மேதர், தாய் வழிப் பாட்டனார் ஜான் காட்டன், தந்தை இன்கிரீஸ் மேதர் ஆகிய மூவருமே புதிய இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்கக் குடியேற்றங்களின் பெயர்பெற்ற போதகர்கள். அந்தச் சுமை முழுவதும் பிள்ளையின் பெயரிலேயே ஏற்றப்பட்டிருந்தது. பன்னிரண்டு வயது நிறையும் முன்பே ஹார்வர்டில் சேர்ந்து 1678-இல் பட்டம் பெற்றார். திக்குவாய் இருந்ததால் பிரசங்க பீடம் தமக்குக் கிட்டாது என்று அஞ்சி, சில காலம் மருத்துவம் படித்தார். பிறகு மெல்ல இழுத்துப் பேசிப் பழகித் திக்குதலை அடக்கிக்கொண்டு, 1685-இல் பாஸ்டனின் இரண்டாம் சபையில் தந்தையுடன் போதகராக அமர்ந்தார். 1728-இல் இறக்கும் வரையில் அந்த ஒரே சபைதான். அதற்கிடையே நானூறுக்கும் மேற்பட்ட நூல்களையும் சிறு வெளியீடுகளையும் அச்சிட்டார் என்பதைப் பார்க்கும்போது, அந்த மனிதர் எப்போதாவது பேனாவைக் கீழே வைத்தாரா என்ற ஐயம் எழத்தான் செய்கிறது.

இரட்சிக்கப்படுபவர் யார் என்பதை உலகத் தோற்றத்துக்கு முன்பே தேவன் முன்குறித்துவிட்டார் என்பதும், மனிதனுடைய நற்செயல் எதுவும் அதை மாற்றாது என்பதும் பியூரிட்டன் போதனையின் நடுநாயகம். நற்செயலால் பயனில்லை என்றால் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறானது. தாம் தெரிந்துகொள்ளப்பட்டவர்தானா என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் உள்ளே குடைந்துகொண்டிருந்ததால், கிருபையின் அடையாளங்களைத் தம் மனத்திலும் தம்மைச் சுற்றி நிகழும் சம்பவங்களிலும் அவர்கள் ஓயாமல் தேடினார்கள். தற்செயல் என்று எதுவும் இல்லை. இடி, கப்பற்சேதம், நோய் ஆகிய எல்லாமே தேவன் அனுப்பும் செய்தி. மேதரின் சிறு மகள் தீயில் விழுந்து முகம் வெந்தபோது, தம் பாவத்துக்காகவே தேவன் பிள்ளையைத் தீயில் தள்ளினார் என்று நாட்குறிப்பில் எழுதினார். உபவாச நாட்களில் படிப்பறைத் தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்து ஜெபிப்பதும், அன்றன்று யாருக்கு என்ன நன்மை செய்யலாம் என்று திட்டமிட்டு எழுதி வைப்பதும் அவருடைய வழக்கம்.

அந்த நம்பிக்கைக்கு வந்த சோதனைகள் கொடியவை. 1713 நவம்பரில் பாஸ்டனில் பரவிய தட்டம்மை, இரண்டாம் மனைவி எலிசபெத்தையும், பிறந்து சில நாட்களேயான இரட்டைக் குழந்தைகளையும், ஜெருஷா என்ற சிறுமியையும், வீட்டுப் பணிப்பெண்ணையும் இரண்டு வாரத்துக்குள் கொண்டுபோயிற்று. அவருக்குப் பிறந்த பதினைந்து பிள்ளைகளில் அவர் இறக்கும்போது எஞ்சியிருந்தவர்கள் இருவர் மட்டுமே.

இனி மூப்பர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 1688-இல் பாஸ்டனில் குட்வின் என்ற கொத்தனாரின் பிள்ளைகளுக்கு விசித்திரமான வலிப்பு வந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த குளோவர் என்ற மூதாட்டியின் சூனியம் என்று முடிவுகட்டி அவரைத் தூக்கிலிட்டார்கள். மேதர் அந்தப் பிள்ளைகளில் மூத்த பெண்ணைத் தம் வீட்டிலேயே வைத்துக் கவனித்து, எந்தப் புத்தகத்தை அவளால் வாசிக்க முடிகிறது, எதை வாசித்தால் வலிப்பு வருகிறது என்றெல்லாம் சோதித்து 1689-இல் வெளியிட்டார். சோதனை என்னவோ சோதனைதான். ஆனால் சாத்தான் அங்கே இருக்கிறான் என்பதைத் தவிர வேறு விடை எதற்கும் அதில் இடம் வைக்கப்படவில்லை. 1692-இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் வழக்குகள் தொடங்கியபோது, குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுரு வந்து வதைத்தது என்ற சாட்சியத்தை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கக் கூடாது என்று நீதிபதிகளை அவர் எச்சரித்தார். ஜூன் 15 அன்று போதகர்கள் சார்பில் அவர் எழுதிய அறிக்கையில் அந்த எச்சரிக்கையும் இருந்தது, வழக்குகளை விரைந்தும் உறுதியாகவும் நடத்த வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது. நீதிபதிகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 19 அன்று ஜார்ஜ் பரோஸ் என்ற முன்னாள் போதகர் தூக்குமரத்தடியில் நின்று பரமண்டல ஜெபத்தைப் பிழையின்றிச் சொல்ல, சூனியக்காரனால் அது முடியாது என்று நம்பியிருந்த கூட்டம் கலங்கியது. அப்போது குதிரையில் அமர்ந்திருந்த மேதர், சாத்தானும் ஒளியின் தூதன் வேடம் போடுவான் என்று பேசிக் கூட்டத்தை அடக்கினார். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சியூவல் 1697-இல் சபை நடுவே எழுந்து நின்று தம் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். மேதர் அப்படி எதுவும் செய்யவில்லை. மாறாக, தீர்ப்புகளுக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். அவருக்காக வாதாடுபவர்கள் அந்த எச்சரிக்கைக் கடிதங்களைக் காட்டுவார்கள். தூக்குமரத்தடிப் பேச்சை அவற்றால் ஈடுகட்ட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

இதே மனிதர்தான் 1721-இல் பாஸ்டனைப் பெரியம்மை தாக்கியபோது அம்மை குத்தலுக்காகத் துணிந்து நின்றார். 1706-இல் சபையார் ஓர் ஆப்பிரிக்க அடிமையை விலைக்கு வாங்கி அவருக்குப் பரிசளித்தார்கள். மேதர் அவருக்கு ஒனேசிமு என்று பெயரிட்டார். உனக்குப் பெரியம்மை வந்ததுண்டா என்று கேட்டபோது, வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம் என்ற ஒனேசிமு, தம் ஊரில் நோயாளியின் கொப்புளச் சீழை ஆரோக்கியமானவரின் கையில் கீறி ஏற்றுவார்கள் என்று விளக்கித் தம் தழும்பையும் காட்டினார். அடிமையின் பேச்சு என்று மேதர் அதைத் தள்ளவில்லை. பாஸ்டனிலிருந்த வேறு ஆப்பிரிக்கர்களிடமும் விசாரித்தார். துருக்கியில் இதே முறை இருப்பதாக லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் வந்ததைப் படித்து ஒப்பிட்டார். 1721 ஜூனில், மேதரின் வேண்டுகோளை ஏற்று, சாப்டியேல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் முதலில் தம் ஆறு வயது மகனுக்கும் இரண்டு அடிமைகளுக்கும் குத்தினார்.

ஊர் கொதித்தது. போதகர்கள் பலர் ஆதரிக்க, மருத்துவப் பட்டம் பெற்ற வில்லியம் டக்ளஸ் எதிர்த்தார் என்பது இந்தக் கதையின் வேடிக்கை. குத்திக்கொண்டவர்கள் தனிமைப்படுத்தப்படாமல் நோயைப் பரப்புவார்கள் என்று அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. தேவன் அனுப்பும் நோயை மனிதன் முந்திக்கொண்டு வரவழைப்பது பாவம் என்றவர்களும் உண்டு. 2021-இல் தடுப்பூசி வந்தபோது எங்கள் வட்டாரத்திலும் ஏறக்குறைய அதே வாக்கியங்களைக் கேட்டேன், 1898-இன் பிளேக்குக்குப் பிறகு உருவான பேட்டையில் குடியிருந்துகொண்டு! மேதர் தம் மகன் சாமுவேலுக்கும் குத்தச் செய்தார். பையன் பிழைப்பானா என்ற நிலைக்குப் போய் மீண்டான். நவம்பரில் யாரோ அவர் வீட்டுச் சன்னல் வழியாக எரிகுண்டை வீசினார்கள். திரி கழன்று விழுந்ததால் அது வெடிக்கவில்லை. நோய் ஓய்ந்தபின் பார்த்தால், இயல்பாக நோய் கண்ட 5,889 பேரில் 844 பேர் இறந்திருந்தார்கள். பாய்ல்ஸ்டன் குத்திய 240-க்கும் மேற்பட்டோரில் இறந்தவர்கள் 6 பேர்.

சேலத்திலும் பெரியம்மையிலும் அவரிடம் வேலை செய்தது ஒரே மனப்போக்குதான் என்பது என் வாதம். தேவன் யார் வாய் வழியாகவும் எதன் வழியாகவும் பேசுவார், ஆகவே எந்தச் சாட்சியையும் தள்ளக் கூடாது, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. இரண்டாம் முறை பிணங்களையும் பிழைத்தவர்களையும் எண்ணிப் பார்க்க முடிந்தது; முதல் முறை ஆவியுருக்களை எண்ண யாராலும் முடியவில்லை.

தமிழர்களாகிய நமக்கு அவரிடம் இன்னொரு தொடர்பும் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தாரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த மேதர், 1717-இன் கடைசி நாளில் தரங்கம்பாடியிலிருந்த மிஷனரி சீகன்பால்குக்கு லத்தீனில் கடிதம் எழுதினார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட லுத்தரன் ஒருவரை, கால்வினியரான இவர் சகோதரராகவே விளித்தார். சீகன்பால்க் 1719-இல் மறைந்துவிட்டதால் உடன் ஊழியர் குருண்ட்லர் பதில் எழுதினார். 1721-இல் மேதர் இக்கடிதங்களைப் பாஸ்டனில் நூலாக்கியபோது குருண்ட்லரும் உயிரோடில்லை. திரியேக தேவன், கிறிஸ்துவினால் இரட்சிப்பு, பிறர்மேல் அன்பு என்ற சில அடிப்படைகளில் ஒன்றுபட்டால் போதும், மற்றவற்றில் சண்டை வேண்டாம் என்பது அப்போது அவருடைய நிலை. குவேக்கர் என்ற மாற்றுக் கிறிஸ்தவப் பிரிவினரைத் தூக்கிலிட்ட குடியேற்றத்தில், 1718-இல் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் அபிஷேக ஆராதனையில் பிரசங்கிக்கும் அளவுக்கு அவர் வந்திருந்தார்.

ஒனேசிமு விஷயத்தில் மட்டும் அந்த மனம் அவ்வளவு தூரம் வரவில்லை. அடிமைகளுக்கும் ஆத்துமா உண்டு, அவர்களுக்கு வேதம் கற்பியுங்கள் என்று 1706-இலேயே எழுதியவர், ஞானஸ்நானம் பெற்றால் விடுதலை தர வேண்டியதில்லை என்றும் அதே நூலில் எஜமான்களுக்கு உறுதி கூறினார். ஒனேசிமு தமக்குப் பதிலாக வேறொரு அடிமையை வாங்கப் பணம் கொடுத்துத்தான் மேதரின் வீட்டை விட்டு வெளியேற முடிந்தது. அதன் பிறகும், பெரும் பனி பெய்தால் மண்வாரியோடு வந்து வாசலைத் துப்புரவாக்க வேண்டும் என்று மேதர் நிபந்தனை எழுதி வாங்கிக்கொண்டார்.