பஸ் ஏறும் நேரத்தில் வயிறு கலக்கினால்

ஐபிஎஸ் (IBS) என்னும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குக் காலைப் பயணம்தான் பெரிய தலைவலி. சாப்பாடு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். காபி குடித்தால் இன்னும் முடுக்கும். ஐபிஎஸ் குடலில் அது பலமாகத் தெரியும். "வழியில் வந்துவிட்டால்?" என்ற பயமும் அதே குடலைத்தான் கிளறும்.

அதனால் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே டிபனை முடித்துவிடுங்கள். காபியை ஊர் போய்ச் சேர்ந்து குடிக்கலாம். சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டேன் என்று நிம்மதிப்படாதீர்கள். வெங்காயம், பூண்டில் இருக்கும், வாயு கிளப்பும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து குழம்பிலேயே இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசனை மட்டும் மிஞ்சும்.

ஐபிஎஸ்ஸில் பேதி வகைக்காரர்கள், பேதியை நிறுத்தும் லோபிரமைடு 2 மி.கி. மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டு வையுங்கள். மலச்சிக்கல் வகைக்கு அது ஆகாது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது.

பயத்தைத் தணிக்க மூச்சுப் பயிற்சி: 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, வயிறு எழும்பி இறங்கட்டும், 5 நிமிடம். வீட்டில் தினமும் பழகிவிட்டு, பிறகு பஸ்ஸில் செய்யுங்கள்.

சென்னை மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது, ஸ்டேஷன் கழிப்பறையை முன்பே பார்த்து வையுங்கள். பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் "வயிறு சரியில்லண்ணே, அவசரம்னா நிறுத்தச் சொல்வேன்" என்றால் போதும். நோயின் பேரெல்லாம் அவருக்கு எதற்கு?

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தில் எழுப்பும் பேதி இருந்தால் ஐபிஎஸ் என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரைப் பாருங்கள்.