வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆள்

எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இதில் மாட்டுவார், எங்கள் குடும்பத்தில் நான். படித்தது பி.காம்., பார்ப்பது ஒரு மில் ஆபீஸில் கணக்கு வேலை, கம்ப்யூட்டருக்கென்று எந்தக் கோர்ஸும் படித்ததில்லை. ஆனாலும் அத்தை போனில் இடமில்லை என்று காட்டினால், மச்சான் கடையில் பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டால், மேல்வீட்டு ரிடையர்டு வாத்தியாருக்கு பென்ஷன் ஸ்லிப் டவுன்லோட் ஆகாவிட்டால் கூப்பிடுவது என்னைத்தான். இதில் எனக்குப் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. எரிச்சல் கொஞ்சம் ஜாஸ்தி.

அதிகம் வரும் புகார் "நெட் வரலை". கேட்டவுடன் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைக்கத்தான் தோன்றும், பல நேரம் அதுவே போதும் என்பதும் உண்மை. ஆனால் ஃபைபர் இணைப்பு உள்ள வீடென்றால் நான் முதலில் கேட்பது அந்தப் பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது என்பதை. எல்ஓஎஸ் என்று போட்டிருக்கும் இடத்தில் சிவப்பு எரிந்தாலோ மினுக்கினாலோ, வீட்டுக்கு வரும் இழையில் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கோ கம்பத்தில் அறுந்திருக்கும், உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே பீரோவை நகர்த்தும்போது அந்த மெல்லிய ஒயர் மடங்கியிருக்கும். அதற்கு நாம் எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் ஒன்றும் ஆகாது, கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். இந்த நேரம் பார்த்து வீட்டிலிருக்கும் பள்ளிக்கூடப் பையன் ஒரு ஊக்கை எடுத்து பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குத்தப் போவான், அவனைத் தடுத்துவிடுங்கள். அது ரீசெட். இணைப்பு கொடுத்தவர் உள்ளே போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் பல பெட்டிகளில் அதோடு அழிந்துவிடும், அப்புறம் ஒயரை ஒட்டவைத்தாலும் நெட் வராது.

சிவப்பு இல்லை, இருந்தும் வரவில்லை என்றால், வேறு போனில் வருகிறதா என்று கேட்பேன். எல்லாவற்றிலும் வருகிறது, இந்த லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. ஹாலில் வருகிறது, பின்னாலிருக்கும் பெட்ரூமில் வரவில்லை என்றால் அது பழுதே இல்லை. நம் வீடுகளில் ஒயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதோ அங்கேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதிலிருந்து பின்னறைக்கு இரண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. பல ரூட்டர்கள் இரண்டு வைஃபை அலைவரிசை தரும்: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். பின்னறைக்கு 2.4 போதும். 'பூஸ்டர்' வாங்குவதற்கு முன் ரூட்டரையே நடுவீட்டுக்கு நகர்த்த முடியுமா என்று கேபிள்காரரைக் கேளுங்கள், பத்து மீட்டர் ஒயர் கூடுதலாகப் போட்டால் முடிந்துவிடும்.

உதவி கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் "என்னமோ இங்கிலீஷ்ல வருதுப்பா, மூடிட்டேன்" என்று சொல்லாதீர்கள். அந்த என்னமோதான் எனக்கு வேண்டும். மூடுவதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஃபிளாஷ் அடித்துப் பாதி வெளுத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், "நான் ஒண்ணுமே பண்ணலை" என்பதையும் விட்டுவிடலாம். ஏதோ செய்திருப்பீர்கள், அது குற்றம் இல்லை, நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நடுவில் என்ன மாறியது என்பதுதான் பாதி வைத்தியம்.

கடைக்கு எடுத்துப் போனால் வேறு கதை. நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செத்த போர்டைக்கூடப் பிழைக்கவைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊர்ப்பக்கம் நிறையக் கடைகளில் எந்த வியாதிக்கும் ஒரே மாத்திரை, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்", அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. மச்சான் கடையில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. வைரஸ் என்றார்கள், ஃபார்மட் என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணில் பட்டது மூலையில் இருந்த தேதி, அது 2009 என்று காட்டியது. மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு வட்ட பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் மெயின் சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பழசுக்குப் போய்விடும். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று. கம்ப்யூட்டர் தன்னை 2009-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் எல்லாச் சான்றிதழும் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ், அதனால் உள்ளே விடாது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தோம், முடிந்தது. ஃபார்மட் போட்டிருந்தால் மூன்று வருட டேலி கணக்கு போயிருக்கும், பிரச்சினை மறுநாள் காலை திரும்ப வந்திருக்கும். எனவே யார் ஃபார்மட் என்று சொன்னாலும், எதனால் என்று கேளுங்கள், போட்டோ, கணக்கு, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வெளியே தனியாக இருக்கும் டிரைவில் எடுத்து வைத்த பிறகுதான் கையை வைக்க விடுங்கள்.

அடுத்த மாத்திரை "புதுசு வாங்கிடுங்க". விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்தியதிலிருந்து இந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது. நின்றது பாதுகாப்பு அப்டேட்தான், கம்ப்யூட்டர் அன்றைக்கே நின்றுவிடவில்லை. செட்டிங்க்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் நீட்டித்துக் கொடுக்கிறார்கள். விண்டோஸ் 11 போடலாமா என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் பொதுவாக எட்டாம் தலைமுறையாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அதனால் நிறைய நல்ல லேப்டாப்புகள் தகுதி பெறாது. மெயில் பார்க்க, பாட்டு கேட்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். மெதுவாக ஓடுகிறது என்பதுதான் குறை என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிரைவைப் போடுங்கள், வேறெதுவும் அவ்வளவு வித்தியாசம் காட்டாது.

வைரஸ் என்று என்னிடம் வரும் இன்னொன்று தமிழ் ஃபைல். டிடிபி சென்டரிலிருந்தோ ஏதாவது ஆபீஸிலிருந்தோ வந்த வேர்டு ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கியிருக்கும். அது பாமினி அல்லது வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. தமிழக அரசு 2010-லேயே, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது, ஆனால் பழகிய கை மாறாது அல்லவா. அந்த எழுத்துருவைப் போட்டால் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் கன்வெர்ட்டரில் ஒட்டி யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

பிரவுசிங் சென்டர் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேருக்குக் கிடைக்கும் ஒரே கம்ப்யூட்டர் உதவி அதுதான். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமா, சாதிச் சான்றிதழா, நீட்டா, எல்லாம் அங்கேதான். அந்தத் தம்பிகள் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் எந்தப் பரீட்சையும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் அவசரத்தில் ஒன்று செய்வார்கள்: பிள்ளைக்கு மெயில் ஐடி இல்லையென்றால் அவர்களே ஒன்று உருவாக்கி, ரிக்கவரி நம்பராகக் கடை நம்பரையே கொடுத்து, பாஸ்வேர்டைக் கடை நோட்டில் எழுதிவைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் கடை இருக்காது, நோட்டும் இருக்காது. டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவு ஐந்து வருடம் செல்லும், அத்தனை வருடமும் அந்த மெயிலுக்கும் போனுக்கும்தான் எல்லாம் வரும். காசு கொடுப்பதற்கு முன் மெயில் உங்களுடையதா, நம்பர் உங்களுடையதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

சித்தப்பாவுக்கு டிவி ரீசார்ஜ் செய்த பணம் போய்விட்டது, சேனல் வரவில்லை. அவர் மகன், எனக்குத் தம்பி முறை, பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். அவனைக் கேட்டிருக்கிறார். "யூடியூப்ல பாருங்கப்பா, எல்லாமே இருக்கு, இதுகூடவா தெரியாது?" என்றிருக்கிறான். எனக்குக் கூப்பிடவில்லை, "நீ மார்ச் மாசக் கணக்குல இருப்பேன்னு நினைச்சேன்" என்றார் பிற்பாடு. அதனால் அவரே இணையத்தில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி, முதலில் வந்ததற்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவன் அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகப் பேசியிருக்கிறான், சார் போட்டு, நல்ல தமிழில். பணம் திரும்பி வர ஒரு ஆப் போட வேண்டும் என்றான், போட்டார். அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள் என்றான், சொன்னார். அதற்கப்புறம் அவர் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்தது, ஓடிபி உட்பட. ஒரு மாத பென்ஷனுக்கு மேல் போயிற்று. அதைவிட மோசம், இரண்டு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை, சித்தியிடம்கூட.

எனக்கு அந்தத் திருடன் மேல் இருந்த கோபத்தைவிடத் தம்பி மேல்தான் அதிகமாக இருந்தது. திருடன் செய்தது என்ன? வீட்டில் யாரும் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தான். பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருந்திருந்தால் அவருக்கு அந்த நம்பரே தேவைப்பட்டிருக்காது. ஆன்டிவைரஸ் என்ன போடலாம் என்று கேட்கிறவர்கள், வீட்டில் பெரியவர்கள் ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்கும்போது தங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று முதலில் கவனிக்கட்டும். ஒருமுறை எரிந்து விழுந்தால் அடுத்த முறை உங்களிடம் கேட்க மாட்டார்கள், ஆனால் வேறு யாரிடமாவது கேட்பார்கள்.

திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப் எல்லாம் தப்பானவை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறது, மேல்வீட்டு வாத்தியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கும்போது அவர் லேப்டாப்பை நானே அதில்தான் பார்ப்பேன். எனிடெஸ்க் போன்றவற்றை வைத்து நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது, கத்தி யார் கையில் என்பதுதான் விஷயம். நேரில் பழகாத ஒருவர் இப்படி ஒரு ஆப்பைப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். கஸ்டமர் கேர் நம்பரை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ பில்லிலோ பார்த்து எடுங்கள், தேடி எடுக்காதீர்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் ஒருநாளும் தேவையில்லை, பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ டிராஃபிக் ஃபைன் என்றோ ஏபிகே ஃபைல் வந்தால் தொடாதீர்கள், பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், ஆப்பாக ஏன் வருகிறது? தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் இதேதான், அவர் போன் ஏற்கெனவே போயிருக்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், பழைய ஃபார்வர்டுகளில் 155260 என்று இருப்பது முன்பிருந்த எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்கு முன் புகார் போய்ச் சேர்ந்தால் வழியில் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது. கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, உங்கள் தப்பும் இல்லாமல் வங்கித் தப்பும் இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடி என்றால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு கிடையாது. நீங்களே ஓடிபியைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் புகார் சொல்லும்வரை போனது உங்கள் நஷ்டம், ஆனால் புகார் சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் அந்த இரண்டு நாள் எனக்கு அவ்வளவு வலித்தது.

இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நெட், பிரிண்டர், ஸ்டோரேஜ் எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவேன். பணம், ஓடிபி, யாரோ போலீஸ் என்று வீடியோ காலில் மிரட்டுகிறான், இந்த மாதிரி என்றால் நடுராத்திரியானாலும் அடிக்கலாம், மார்ச் மாதமானாலும். தம்பியும் அதே குரூப்பில்தான் இருக்கிறான், போன வாரம் பார்த்தால் அத்தையின் ஸ்டோரேஜ் கேள்விக்கு எனக்கு முன்னால் அவனே வாய்ஸ் நோட்டில் பதில் போட்டிருந்தான், நான்கு நிமிடத்துக்கு.